நகராத சக்கரங்கள்

"அண்ணா, கியர் பாக்ஸ் போச்சாம். இறக்கணுமாம்" என்று சொல்லிக்கொண்டே படியேறினார் எங்கள் தெருத் தம்பி. திருமுல்லைவாயலில் எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். ஆனால் காருக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு மூடிய பெட்டி. ஏழு வருடம் ஓடிய சின்னக் கார். இரண்டு வாரமாக முதல் கியர் விழ முரண்டு பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கிறது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டதும், பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்ட முகம் இன்னும் தெளியவில்லை.

உட்கார வைத்தேன். டீ வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் வெட்டும் சிறு பட்டறை ஒன்றில் என் பாதி வாழ்க்கை கழிந்தது. அதனால் இந்தப் பேச்சு வந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. அன்று அவருக்குச் சொன்ன வழியிலேயே உங்களோடும் ஒருமுறை நடந்து பார்க்கிறேன். வண்டி வாசலில்தான் நிற்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது முதலில் தெரியட்டும்.

எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சுற்று என்றால் அணைந்துவிடும். நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்குக் கீழே அதனால் உயிரோடு இருக்க முடியாது. அதன் பலம் நன்றாக வெளிவருவதோ 2000, 3000 சுற்றுக்கு மேலே. சக்கரத்தின் தேவை வேறு. நின்ற நிலையிலிருந்து அது கிளம்ப வேண்டும், நாலு பேரையும் மூட்டையையும் இழுக்க வேண்டும், பிறகு பைபாஸில் பறக்க வேண்டும். இந்த இரண்டு குணத்துக்கும் நடுவில் ஒரு தரகர் தேவைப்படுகிறார். அவர்தான் கியர் பாக்ஸ்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு இதைச் சைக்கிளை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது இந்த மண்ணில்தானே. கியர் சைக்கிளில் பின்பக்கப் பல்சக்கரம் பெரியதாக இருந்தால், மிதியைப் பலமுறை சுற்றினாலும் சக்கரம் கொஞ்சம்தான் நகரும். ஆனால் மேட்டில் கால் வலிக்காது. பின்பக்கம் சிறியதாக இருந்தால் ஒரு மிதிக்கு நெடுந்தூரம் போகலாம், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிறோம், அல்லது பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

தம்பி கணக்குக்காரர் என்பதால் அவருக்கு எண்ணிலேயே காட்டினேன். ஒரு சின்னக் காரில் முதல் கியரில் எஞ்சின் தண்டு ஏறக்குறைய மூன்றரைச் சுற்று சுற்றினால் அடுத்த தண்டு ஒரு சுற்று சுற்றும். அதற்குப் பிறகு டிஃபரன்ஷியலில் இன்னும் நாலு மடங்கு குறையும். ஆக 14 சுற்றுக்குச் சக்கரம் ஒருமுறை. எஞ்சின் 3000-ல் சுற்றினால் சக்கரம் 214. டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்தால் மணிக்கு 23 கிலோமீட்டர். அதே 3000 சுற்றில் ஐந்தாவது கியருக்குப் போனால் கணக்கு 0.8 பெருக்கல் 4. மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். எஞ்சின் உழைத்தது ஒரே வேகத்தில்தான். தரகர் பங்கிட்ட விதம்தான் மாறியது.

இப்போது மூடியைத் திறப்போம். இங்கேதான் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தில் கால் வைக்கிறோம். கொஞ்சம் நின்று போவோம்.

கியர் ராடை முன்னே தள்ளும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். ஒரு பல்சக்கரம் நகர்ந்து போய் இன்னொரு பல்சக்கரத்தோடு பல்லில் பல் பொருந்துகிறது, அது சரியாகப் பொருந்தாவிட்டால் 'கர்ர்ர்'. தம்பியும் இதையே சொன்னார், இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். படித்தவர், படிக்காதவர், இருபது வருடம் வண்டி ஓட்டியவர் எல்லோரும் இப்படித்தான் விரலைக் கோத்துக் காட்டுவார்கள்.

உள்ளே அப்படி நடப்பதில்லை. முன்னே போகும் கியர்கள் ஐந்திலும் பல்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக ஏற்கெனவே கோத்துத்தான் இருக்கின்றன. ஆலையில் பெட்டியைப் பூட்டிய நாளில் கோத்தவை, பிரிக்கும் நாள்வரை ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. நீங்கள் மூன்றாவது கியரில் போகும்போது முதல் கியர் ஜோடியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஐந்தாவது ஜோடியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பல்சக்கரம் எதுவும் இடம் பெயர்வதில்லை.

அப்படியானால் ஐந்தும் ஒரே நேரத்தில் வண்டியை ஓட்டாதா என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு இறுக்கமாகப் பிணைந்தது. அதன் துணைச் சக்கரம் தன் தண்டின் மேல் சும்மா சுழல்கிறது. கையில் தளர்வாகக் கிடக்கும் கண்ணாடி வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். வளையலைச் சுண்டினால் அது சுற்றும், கை சுற்றாது. அப்படி ஐந்து வளையல்கள். அவற்றில் ஒன்றை மட்டும் கையோடு சேர்த்துப் பிடித்துவிட்டால், அதன் வழியாக மட்டும் பலம் பாயும். மற்ற நாலும் வெறுமனே சுற்றும். கியர் போடுவது என்றால் இதுதான்: ஏதாவது ஒரு வளையலைக் கையோடு பூட்டுவது. எதையும் பூட்டாமல் விட்டால் நியூட்ரல்.

பூட்டுகிற வேலையைச் செய்வது ஸ்லீவ். உள்பக்கம் பற்கள் வெட்டிய தடித்த எஃகு வளையம். இரண்டு வளையல்களுக்கு நடுவே தண்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் ராடைத் தள்ளினால் இரண்டு விரல் கொண்ட ஒரு ஃபோர்க் இந்த ஸ்லீவைப் பக்கவாட்டில் நகர்த்தும். ஸ்லீவ் போய், பக்கத்து வளையலின் விலாவில் இருக்கும் சின்னச் சின்னப் பற்களின் மேல் ஏறி உட்காரும். பூட்டு விழுந்தது. ராடில் உங்கள் கைக்குத் தெரியும் அந்தச் சின்ன 'க்ளக்' அதுதான்.

நாம் மனதில் வைத்திருக்கும் படம் முழுக்கக் கற்பனையும் இல்லை. ஒரு காலத்தில் பெட்டி அப்படித்தான் இருந்தது. தண்டின் மேல் பல்சக்கரமே நகர்ந்து போய் இன்னொன்றோடு மோதிப் பொருந்தும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். பழைய லாரி ஓட்டுநர்கள் கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிப்பார்கள். ஒரு மிதி, ராடு நியூட்ரலுக்கு. கிளட்சை விட்டு, கீழ்க்கியருக்கு இறங்குவதானால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதி, பிறகு கியர். அந்தத் தட்டில்தான் இரண்டு பக்க வேகத்தையும் காதாலேயே ஒன்றாக்கினார்கள். சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டியவர்கள்கூட அந்த ஒரு நொடி காதை எஞ்சினுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். 1928-ல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் அந்தக் காதின் வேலையை ஒரு சிறு உலோக வளையம் எடுத்துக்கொண்டது. அதுவும் எல்லாக் கியருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நம் அம்பாசடரின் பழைய பெட்டியில் முதல் கியருக்கு அந்த வளையம் கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகே ஃபர்ஸ்ட் போட வேண்டும் என்று டாக்சிக்காரர்கள் புதியவர்களுக்குச் சொன்னதன் காரணம் அதுதான்.

அந்த வளையத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்வோம். பட்டறையில் சிங்க்ரோ ரிங் என்பார்கள், கோன் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் பித்தளை வகை உலோகம். ஸ்டாப்பிங்கில் நிற்காமல் மெதுவாகப் போகும் மாநகரப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இதன் வேலை தெரியும். நின்ற இடத்திலிருந்து அப்படியே படியில் கால் வைத்தால் விழுவோம். நாலு எட்டு கூடவே ஓடி, பேருந்தின் வேகமும் நம் வேகமும் ஒன்றான அந்த நொடியில் கால் வைத்தால், படி அசையாமல் நிற்பது போலிருக்கும். சிங்க்ரோ ரிங் ஓடுவது அந்த நாலு எட்டுதான். ஸ்லீவ் அதை முன்னே தள்ள, ரிங் போய் வளையலின் கூம்பான தோளில் உரசி அழுத்தும். உரசலில் இரண்டின் வேகமும் ஒன்றாகும். அதுவரை ரிங்கின் ஓரப் பற்கள் ஸ்லீவைத் தாண்ட விடாமல் வழிமறித்து நிற்கும். வேகம் ஒன்றானதும் வழிவிடும்.

முன்னே போகும் கியர்களில் 'கர்ர்ர்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது நாமே சொல்லிவிடலாம். வேகம் ஒன்றாவதற்கு முன்னால் ஸ்லீவின் பல் முனை வளையலின் விலாப் பற்களில் பட்டுத் தெறிக்கிற சத்தம் அது. பெரிய பல்சக்கரங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவை பாட்டுக்குக் கோத்தபடி சுற்றிக்கொண்டிருக்கின்றன. "அப்ப கியர் பல் உடையலையா?" என்றார் தம்பி. அந்தச் சத்தத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நம் பழைய எண்ணம் இன்றும் உண்மை. அது ரிவர்ஸ். நம்மூர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு மட்டும் நடுவில் ஒரு மூன்றாவது பல்சக்கரம் நிஜமாகவே நகர்ந்து வந்து இரண்டுக்கும் நடுவே புகுந்துகொள்கிறது. சுழல் திசை தலைகீழாவது அந்த மூன்றாவதால்தான். சாய்வாக வெட்டிய பல்லைப் பக்கவாட்டில் நுழைப்பது கடினம் என்பதால் இதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. நேர்ப்பல் சத்தமிடும். பின்னால் போகும்போது கார் 'ஊஊ' என்று பாடுவது அதனால்தான், அது நோயில்லை. அங்கே வழிமறிக்கும் ரிங்கும் பல வண்டிகளில் கிடையாது. ஆகவே வண்டி முழுக்க நிற்க வேண்டும், கிளட்சை மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுக்க வேண்டும், பிறகே ரிவர்ஸ்.

அந்த இரண்டு நொடி எதற்கு என்று கேட்டால் கிளட்சுக்கு வந்து சேர்கிறோம். தம்பியின் வண்டி மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

எஞ்சினின் முதுகில் ஃப்ளைவீல் என்ற கனத்த தட்டு சுற்றுகிறது. அதற்கு எதிரே ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட். நடுவில் கிளட்ச் பிளேட். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு சப்பாத்தியை வைத்து அழுத்திப் பிடித்தால் கையோடு சப்பாத்தியும் திரும்பும். கையைத் தளர்த்தினால் அது சும்மா நிற்கும். கிளட்சை மிதிப்பது கையைத் தளர்த்துவதுதான். மிதித்ததும் எஞ்சின் தனி, பெட்டி தனி. ஆனாலும் பெட்டிக்குள் போகும் தண்டு பழைய வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றி ஓயும், மின்விசிறியை அணைத்த பிறகு இறக்கை சுற்றுவது போல. ரிவர்ஸுக்கு முன் நாம் காத்திருப்பது அந்த ஓய்வுக்குத்தான்.

இரண்டாவது கியரில் 3000 சுற்றில் போகும்போது மூன்றாவதுக்கு மாற்றினால் அந்தத் தண்டு ஏறக்குறைய 2000-க்கு இறங்க வேண்டும். இறக்கி வைப்பது சிங்க்ரோ ரிங். எடை குறைந்த ஒரு தண்டையும் ஒரு பிளேட்டையும் அடக்க அதற்கு வலு போதும். ஆனால் கிளட்ச் முழுக்கப் பிரியாமல் லேசாக ஒட்டிக்கொண்டே இருந்தால்? அப்போது அந்தப் பித்தளை வளையம் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையே இழுத்து நிறுத்தப் பார்க்கிறது. முடியுமா? கியர் விழாது, அல்லது கடித்துக்கொண்டு விழும். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது, பழி மட்டும் பெட்டியின் மேல் விழும். இப்படியே ஆறு மாதம் ஓட்டினால் ரிங்கும் தேய்ந்து, பழி நிஜமாகிவிடும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை, ஸ்பேனர் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். சில நேரம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்று ஒன்று விழாமல் போகலாம். வண்டியை இம்மியளவு அசைத்தால் விழுந்துவிடும். இனி எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்தபோது சுகமாக விழுந்தவை ஓடும்போது எல்லாமே முரண்டு பிடித்தால், அதிலும் கிளட்சை மிதித்து ஐந்து நொடி பொறுத்த பிறகும் ரிவர்ஸ் கடித்தால், கிளட்ச் பிரியவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, ஓட்டத்தில் கடிக்கிறது, மற்றவை நன்றாக விழுகின்றன என்றால் அந்தக் கியரின் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டாவது முதலில் சோர்வதற்குக் காரணம், முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவேதான் வேக வித்தியாசம் அதிகம். அந்த ரிங்குக்கே ஓட்டமும் அதிகம்.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். கிளட்சை மிதித்தால் ஒரு உரசல் சத்தம் வந்து, காலை எடுத்தால் நின்றால் அது ரிலீஸ் பேரிங். நேர்மாறாக, காலை எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்ததும் ஓய்ந்தால் பெட்டிக்குள் போகும் தண்டின் பேரிங். எந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நம் பக்கத்துச் சாலைகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. மெட்ரோ தூண்கள் எழும்பிய காலம் முழுக்கப் போரூரிலிருந்து ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் வழியாகப் பூந்தமல்லிவரை ஊர்ந்தவர்களுக்குத் தெரியும், இடது கால் என்ன பாடுபட்டது என்று. சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கமும் மாலையில் அதே கதை. ஊர்வதில் தப்பில்லை, கிளட்சில் பாதிக் காலை வைத்துக்கொண்டே ஊர்வதுதான் தப்பு. ஹாஃப் கிளட்சில் பிளேட் பாதி பிடித்து பாதி வழுக்கிச் சூடேறுகிறது. கருகிய நாற்றம் மூக்கில் ஏறினால் பிளேட்டின் மேல்பூச்சு எரிகிறது என்று பொருள். பாடி மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கில் நிற்க வேண்டும். கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் வைத்துத் தராசு பிடிக்கக் கூடாது. முன்னால் இரண்டு வண்டி இடைவெளி விழட்டும், பிறகு ஒரே நகர்வாக நகரலாம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இன்னொரு பழக்கம் இடது கையை ராடின் மேல் வைத்தபடியே ஓட்டுவது. பார்க்க ஒய்யாரமாக இருக்கும். ஆனால் உங்கள் கையின் கனம் நேராக உள்ளே இருக்கும் ஃபோர்க்குக்குப் போகிறது. ஃபோர்க் நிற்பது, ஸ்லீவ் சுற்றுவது. மாற்றும் ஒரு நொடி தவிர இரண்டும் உரசவே கூடாது. கை அங்கேயே இருந்தால் மணிக்கணக்கில் உரசும். ஃபோர்க் தேய்ந்தால் பூட்டு முழு ஆழத்துக்கு விழாது. பிறகு ஒருநாள் ஓட்டத்தில் கியர் தானே எகிறி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

இனி எண்ணெய். இதைப் பேசப் பல்லின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், என் தொழில் வந்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறு பட்டறைகள் பெருகின: லேத், பல் வெட்டுவது, ஹீட் ட்ரீட்மென்ட். வெட்டி முடித்த பல்சக்கரத்தை அப்படியே வண்டியில் போட்டால் சில மாதத்தில் தேய்ந்துவிடும். அதனால் கரி நிறைந்த வாயுவில் 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, மேல்தோலுக்குள் கரியை ஊறவிட்டு, சட்டென்று எண்ணெயில் குளிர வைப்போம். மெதுவடை மாதிரி ஆகிவிடும்: மேலே முறுகல், உள்ளே இளக்கம். முறுகல் தேய்மானத்தைத் தாங்கும், இளக்கம் அதிர்ச்சியைத் தாங்கும். அந்த முறுகல் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அது போய்விட்டால் பிறகு தேய்மானத்துக்குத் தடையே இல்லை.

அந்தத் தோலைக் காப்பது கியர் ஆயில். சின்னக் கார்களில் ஏறக்குறைய 2 லிட்டர். பெரும்பாலான பெட்டிகளில் பம்பு கிடையாது. கீழ்ச்சக்கரமே எண்ணெயில் முங்கி எழுந்து மேலே வாரி இறைக்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பற்களுக்கு வழுக்க வேண்டும். ஆனால் சிங்க்ரோ ரிங்குக்கோ கொஞ்சம் பிடிக்க வேண்டும், உரசினால்தானே அது வேகத்தை ஒன்றாக்க முடியும்? ஒரே எண்ணெய் இரண்டு பேருக்கும் இணங்கிப் போக வேண்டும். அதனால்தான் எண்ணெய் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஜிஎல்-5 கடும் அழுத்தத்துக்கானது, கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள் அதிகம். டிஃபரன்ஷியலுக்கு உகந்தது. ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் அதை ஊற்றினால் பித்தளையை அரிக்கக்கூடும், ரிங்கை வழுக்கிவிடவும் செய்யும். எண் பெரியது என்பதால் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். அதேபோல, டிரம்மில் இருக்கும் 90 ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. 75டபிள்யூ-80 மாதிரி மெல்லிய எண்ணெய்க்குச் செய்த புதுப் பெட்டிக்கு அது கூழ். காலையில் கியர் கெட்டியாக விழும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் எண் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி அதையே கேளுங்கள்.

கியர் ஆயில் ஆயுளுக்கும் போதும், மாற்ற வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சின் ஆயிலைப் போல இது கறுப்பதில்லை, உள்ளே எதுவும் எரிவதில்லை. அதனால் வந்த நம்பிக்கை. எரியாவிட்டாலும் தேய்மானத் துகள் சேர்கிறது, மருந்துகள் தீர்கின்றன. கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். ஊர்ந்தே ஓடும் நம் வண்டிகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றினாலும் நஷ்டமில்லை. மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் கண்மை போல ஒரு பசை ஒட்டியிருக்கும். அது இயல்பு. விரலில் குத்தும் செதில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம், இது நமக்கு நேரடியாகத் தெரிய வேண்டிய சங்கதி. பெட்டியின் உச்சியில் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சூடான டம்ளரைத் தண்ணீரில் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே மூச்சுக்குழல் வழியாகவும், பழைய ஆயில் சீல் வழியாகவும் சேற்றுநீர் உறிஞ்சப்படும். அச்சு உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டியென்றால், நன்றாக ஓடினாலும் கியர் ஆயிலைத் திறந்து பார்த்துவிடுங்கள். பேரிங்கில் துரு பிடிப்பதற்கு முன் பிடித்துவிடலாம்.

பெட்டியை நிஜமாகவே இறக்க வேண்டி வந்தால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. ஆகவே எதற்காக இறக்கினாலும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சின் பின்பக்க ஆயில் சீல், ஆக்சில் சீல் ஆகியவற்றையும் பார்த்து, ஐயமிருந்தால் மாற்றிவிட வேண்டும். ரிங் தேய்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ரிங்கைக் கூம்பின் மேல் அழுத்தி வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது உங்கள் உரிமை. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய பெட்டி முழுசாகக் கிடைக்கும். அவசரத்துக்கு உதவும், ஆனால் அதன் உள்ளே ரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பது திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. அங்கே வாங்கினாலும் திறந்து பார்த்த பிறகே ஏற்றச் சொல்லுவேன்.

"கிளட்சே இல்லாத வண்டி வாங்கியிருக்கலாம்" என்றார் தம்பி. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பிரபலமான ஏஎம்டி வண்டிகளை நினைத்துச் சொன்னார். அவற்றில் பெட்டியும் அதேதான், பிளேட்டும் ரிங்கும் அதேதான். கிளட்சை மிதிக்கும் காலும் ராடைத் தள்ளும் கையும் மட்டும் இயந்திரம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடித்தால் அங்கேயும் பிளேட் எரியும். பேச்சுவாக்கில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் கதையையும் சொன்னேன். 40 டன்னை ஒட்டிய இரும்பு மலை, திரும்புவதற்கு முன்சக்கரம் கிடையாது. இரண்டு பக்கச் சங்கிலிக்கும் வேறு வேறு வேகம் பங்கிட்டு அதைத் திருப்புவதும் பல்சக்கரப் பெட்டிதான். அதைக் கேட்டதும் அவர் டீயை மறந்துவிட்டார். ஆறிப்போனதைச் சூடு பண்ணித்தான் குடித்தோம்.

பிறகு வாசலுக்குப் போனோம். எஞ்சினை அணைத்துக் கியர் போட்டுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ரிவர்ஸ், எல்லாம் எண்ணெய் போட்டது போல விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டார். ஃபர்ஸ்ட் அசையவில்லை, ரிவர்ஸ் கடித்தது. பானெட்டைத் திறந்தோம். அந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஃப்ளூயிட் டப்பா. அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. கீழே டார்ச் அடித்ததில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை ஈரமாக மினுங்கியது. மிதித்த அழுத்தத்தில் பாதி அங்கே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. பிரேக்குக்கும் அதே டப்பா என்பதால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, தெருமுனைப் பட்டறைக்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். மத்தியானத்துக்குள் புது சிலிண்டர் மாட்டி, காற்று எடுத்து, டப்பாவை நிரப்பினார்.

தம்பி கிளட்சை மிதித்து, நான் சொல்லாமலே மூன்று நொடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டார். சத்தமில்லை. வண்டி 'ஊஊ' என்று பாடிக்கொண்டே பின்னால் போனது.